ஓடுவது நல்லதா, நடந்தால் போதாதா?

(கார்வேட்டிநகரத்தில் நடைபெற்ற அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓட்டம் நித்திய தேகப்பயிற்சிக்கு உகந்ததா என்பதைப் பற்றிப் பேசும்படி நம் நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். சாரங்கபாணியின் பதங்களுக்கும் கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களுக்கும் பேர் போன ஊர் இது. இங்கே வந்து சங்கீதத்தை விட்டுவிட்டு முழங்காலையும் இருதயத்தையும் பற்றிப் பேசுவது சற்றுப் பொருத்தமில்லாததுதான். ஆனாலும் இன்று நம் வீடுகளில் இது அடிக்கடி வாதத்துக்கு வரும் விஷயமாகிவிட்டது. மும்பையில் 2004 முதல் மாரத்தான் நடக்கிறது. பெங்களூரில் 2008 முதல் 10 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. நம் பிள்ளைகளும் மாட்டுப்பெண்களும் விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். "எதற்கடா இப்படி ஓடுகிறாய்? முட்டி தேய்ந்துவிடும், மாரை அடைக்கும்" என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். கவலைப்படுவது அன்பினால்தான். ஆனால் அந்தக் கவலை எவ்வளவு தூரம் நியாயமானது என்று பார்க்க வேண்டாமா?

நான் வைத்தியன் அல்ல. விஞ்ஞானம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். ஆகவே, அளந்து பார்த்து வெளியிடப்பட்ட விவரங்களை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நடைக்கும் ஓட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? வேகம் மட்டும் இல்லை. நடக்கும்போது ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் நடுவே இரண்டு பாதங்களும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். பிறகு முழு உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்கும். சாதாரண நடையில் தரை நம் காலைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓட்டத்தில் அது இரண்டு, இரண்டரை மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் ஓடினால் ஒவ்வொரு அடியிலும் சுமார் 150 கிலோ அளவுக்கு விசை விழுகிறது. ஓட்டத்தின் லாபமும் நஷ்டமும் இரண்டுமே இங்கேதான் இருக்கின்றன.

லாபத்தைப் பார்ப்போம். 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 55,137 பேரைச் சராசரியாக 15 வருஷம் கவனித்தார்கள். ஓடுகிறவர்களிடையே மரண விகிதம் ஓடாதவர்களைவிட 30 சதவிகிதம் குறைவு. இருதய நோயால் மரணம் 45 சதவிகிதம் குறைவு. தினம் ஐந்து, பத்து நிமிஷம் மெதுவாக ஓடியவர்களுக்கே இதில் பெரும்பங்கு கிடைத்துவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த வருஷம், 2015-ல், கோபன்ஹேகன் நகர ஆய்வும் இதே திசையில் பேசியது. வாரத்தில் ஒரு மணி முதல் இரண்டரை மணி நேரத்துக்குள் மெதுவாக ஓடியவர்களே மிகவும் க்ஷேமமாக இருந்தார்கள். கடுமையாக ஓடியவர்களுக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆனால் அந்தக் கடைசி வகுப்பில் இருந்தவர்கள் மிகச் சிலரே. ஆகையால் அதிகம் ஓடினால் ஆயுள் குறையும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமாக இருப்பவர்தான் ஓடவே வருகிறார், நோயாளி வருவதில்லை. எனவே இந்த வித்தியாசம் முழுவதும் ஓட்டத்தினால் வந்தது என்று கொள்ளக்கூடாது. ஒரு பகுதி ஓட்டத்தினால், ஒரு பகுதி ஓடும் மனிதரின் மற்ற பழக்கங்களால். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் மீதி கணிசமாகவே நிற்கிறது.

இப்போது முட்டி. ஓடினால் முட்டி தேயும் என்பது கார் டயரைப் போல உடம்பை நினைப்பதால் வரும் அபிப்பிராயம். டயர் தேய்ந்தால் தேய்ந்ததுதான். உயிருள்ள குருத்தெலும்பு அப்படி இல்லை. அதற்கு நேரடியான ரத்த ஓட்டம் கிடையாது. பஞ்சை அழுத்தி விடுவது போல, அழுத்தமும் விடுதலையும் மாறி மாறி வந்தால்தான் அதற்குப் போஷாக்குப் போய்ச் சேரும். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் வெளியான ஒரு தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவிகிதம் பேருக்கே இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 சதவிகிதம். போட்டிக்காக ஓடுகிறவர்களில் 13.3 சதவிகிதம். அதாவது, உட்கார்ந்தே இருப்பதும் முட்டிக்கு ஆகாது, பதக்கத்துக்காக விழுந்து விழுந்து ஓடுவதும் ஆகாது. நடுவில் இருப்பதே நல்லது. ஆனால் ஏற்கெனவே முட்டி வீங்கி வலிப்பவருக்கும், எடை மிக அதிகமாக உள்ளவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் முதலில் எடையைக் குறைத்துத் தொடைத் தசைகளைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இருதயம். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் காலமானார். அன்று காலை உடற்பயிற்சி செய்தவர் என்று செய்தி வந்ததும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைத் தடுத்தார்கள். பயம் இயற்கைதான். ஏனென்றால் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டாரைவிடச் சுமார் ஆறு வருஷம் முன்னதாக, சராசரியாக 53 வயதிலேயே வருகிறது என்று 2007-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு காட்டியது. ஆனால் ஓட்டம்தான் காரணமா? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில், 59 பேருக்குத்தான் ஓட்டத்தின்போது இருதயம் நின்றது.

இதைவிட முக்கியமான கணக்கு 1993-ல் வந்தது. கடுமையாக உடம்பை வருத்திக்கொண்ட அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் சாத்தியம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். வாரத்தில் ஐந்து நாளாவது பயிற்சி செய்பவருக்கு இரண்டரை மடங்குக்குள்தான். வாரத்தில் ஒரு நாள்கூடச் செய்யாதவருக்கோ நூறு மடங்குக்கும் மேல். அபாயம் ஓட்டத்தில் இல்லை. பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று விரட்டுவதில் இருக்கிறது.

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்திலேயே திருமலை இருக்கிறது. அலிபிரியிலிருந்து ஏறினால் 3,550 படிகள். சந்திரகிரி பக்கம் ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறினால் 2,388 படிகள். தூரம் குறைவு, ஏற்றம் அதிகம். அலிபிரி வழியில் மோகாள்ள மெட்டு என்ற செங்குத்தான இடம் வரும். தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். ஆதிசேஷன் வடிவான மலையைப் பாதத்தால் மிதிக்கக்கூடாதென்று ஸ்ரீராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதிகம். மலையேற்றம் ஓட்டம் அல்லவே என்பீர்கள். இருதயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. படியேறும்போது அதன் துடிப்பு ஓடும்போது எகிறுவதைப் போலவே எகிறும்.

வருஷம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கல்யாணமோ பிரசவமோ நல்லபடியாக முடிந்ததென்று ஒரே நாளில் அத்தனை படியையும் ஏறுகிறோம். போதாக்குறைக்கு முந்தின ராத்திரி பஸ் பிரயாணம், சரியான தூக்கமில்லை, காலையில் வெறும் வயிறு. 2024 அக்டோபரில் திருமலை திருப்பதி தேவஸ்தானமே ஓர் அறிவுரை வெளியிட்டது. நீண்டகால நோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்பது அதன் சாரம். பக்திக்குக் குறுக்கே தேவஸ்தானம் நிற்கவில்லை. பக்தர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது. பிரார்த்தனை செய்துகொண்டவர்கள் மூன்று மாதம் முன்னதாகத் தினம் நடந்தும், வீட்டு மாடிப்படி ஏறியும் உடம்பைப் பழக்கிக்கொண்டு, டாக்டரையும் கேட்டுக்கொண்டு போகலாமே. அந்த மூன்று மாதப் பழக்கமும் பிரார்த்தனையின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஓடத்தான் வேண்டுமா, நடந்தால் போதாதா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. சர்க்கரை நோயின் எல்லையில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றும் செய்யாதவர்களில் மூன்று வருஷத்துக்குள் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. ஆகாரத்தைக் கட்டுப்படுத்தித் தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் அது 39 சதவிகிதமாகக் குறைந்தது. ஓடச் சொல்லவே இல்லை, நடைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் தயவில்லாமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் எல்லையில் என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அரிசிச் சாதம், உட்கார்ந்த உத்தியோகம், தலைமுறையாக வரும் சர்க்கரை மூன்றும் சேர்ந்த நம் குடும்பங்களுக்கு இது அடுத்த வீட்டு விஷயம் அல்ல.

ஓட்டத்துக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவுப்படி, வாரத்துக்கு மிதமான பயிற்சி 150 முதல் 300 நிமிஷம் வேண்டும். கடுமையான பயிற்சியானால் 75 முதல் 150 நிமிஷம் போதும். அதாவது ஓடுகிறவருக்குப் பாதி நேரம் மிச்சம். இரவு பத்து மணி வரை கம்ப்யூட்டர் முன் உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பாதி நேரம் பெரிய விஷயம். நமக்கோ நேரத்துக்குக் குறைவில்லை, நிதானமாக நடக்கலாம்.

எவ்வளவு வேகம் என்பதற்கு நம் முன்னோர்களே அளவு வைத்திருக்கிறார்கள். ஆயுர்வேத நூல்கள் தேகப்பயிற்சியைப் பாதி பலத்தோடு நிறுத்தச் சொல்கின்றன. நெற்றியிலும் மூக்கிலும் வியர்வை அரும்பி, மூச்சு வாய் வழியாக வரத் தொடங்கினால் அதுவே எல்லை. இன்றைய டாக்டர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இரண்டும் ஒன்றுதான். சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே நடக்கிறவர், சுலோகம் தங்குதடையில்லாமல் வந்தால் கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம். ஒரு நாமத்துக்கே மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

"தினம் சந்தியாவந்தனமும் நமஸ்காரமும் செய்கிறேன், அது போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. மனசுக்கும் மூச்சுக்கும் மிகவும் நல்லது. ஆனால் இருதயத்துடிப்பை அரை மணி நேரம் தொடர்ந்து உயர்த்தி வைக்க அது போதாது. அனுஷ்டானத்தை முடித்துவிட்டு நடக்கவும் வேண்டும். நம் மாமிகள், "நாள் முழுக்கச் சமையலறையில் நின்றுகொண்டேதானே இருக்கிறேன்" என்பார்கள். நிற்பது நடையாகாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. அதற்குப் பாரம் தாங்கும் பயிற்சி வேண்டும். அரை மணி நேரம் சமையலறையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டு அவர்களை வெளியே அனுப்புவது வீட்டு ஆண்களின் கடமை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட விரும்பினால் தாராளமாக ஓடலாம். வாரத்தில் மூன்று நாள், இருபது முப்பது நிமிஷம், மெதுவாக. நாற்பதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்த்துக்கொண்டு, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் இருதய டாக்டரையும் பார்த்துவிட்டு, முதல் இரண்டு மாதம் நடந்து, பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம் இரண்டு நிமிஷம் நடை என்று கலந்து கூட்டிக்கொண்டு போகலாம். வருஷக்கணக்காக ஓடிவரும் பெரியவர்கள் டாக்டர் தடுக்காத வரை விட வேண்டியதில்லை. என்னைப் போல் எழுபதைத் தாண்டி, ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கு வேக நடை போதும். கூடவே நாற்காலியைக் கையால் பிடிக்காமல் பத்து முறை எழுந்து உட்காருவதும், சுவரருகே ஒற்றைக் காலில் நிற்பதும் நல்லது. இந்த வயதில் விழாமல் இருப்பதே பாதி ஆரோக்கியம். யாராக இருந்தாலும், மார்பில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வாயுவாக இருக்கும்" என்று படுத்துக்கொள்ளக்கூடாது.

ஃபௌஜா சிங் என்ற பஞ்சாபிப் பெரியவர் 89 வயதில் மாரத்தான் ஓடத் தொடங்கி, நூறு வயதிலும் டொராண்டோவில் ஓடி முடித்ததாகப் புகழ்பெற்றவர். 2025 ஜூலையில் ஜலந்தருக்கு அருகே சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதிக் காலமானார். அவரைப் போல் எல்லோரும் ஓட முடியாது. ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் நடக்கிறவருக்கு வாகனமும் பெரிய ஆபத்து என்பதை நினைவில் வைக்கலாம். சித்தூர் வெயிலுக்கு முன், சூரியோதய வேளையில், கோயில் வீதியிலோ குளக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ நடப்பது உத்தமம்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் வெளியூரிலிருக்கும் பிள்ளைக்கு டெலிபோன் செய்து, "ஓடாதே" என்று சொல்லாதீர்கள். "மெதுவாக ஓடு, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாயா?" என்று கேளுங்கள். அவன் பதிலுக்கு, "நீங்கள் இன்று நடந்தீர்களா அப்பா?" என்று கேட்டால், உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

எல்லோரும் நோயற்று க்ஷேமமாக இருக்க இவ்வூர் வேணுகோபால சுவாமியையும் திருமலையப்பனையும் பிரார்த்தித்து அமைகிறேன்.