ஓலையைக் காத்தது இல்லறமே!

(தலைப்பு: சமணத்தின் வடமொழி நூல்களைப் பெரிதும் காத்தது துறவறமா? இல்லறமா?)

துறவறத்தின் பெருமை பேசி, இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேரை இன்றைக்கே காவி வாங்க அனுப்பப் பார்த்த எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். "தத்துவார்த்த சூத்திரம் எழுதிய உமாஸ்வாதி துறவி. ஆதிபுராணம் எழுதிய ஜினசேனர் துறவி. யோக சாஸ்திரம் எழுதிய ஹேமசந்திரர் துறவி. அத்தனையும் எழுதினது துறவி. அப்புறம் இல்லறத்தானுக்கு இங்கே என்னய்யா வேலை?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. கைதட்டலும் வாங்கிவிட்டார்கள்.

நடுவர் ஐயா, தலைப்பை இன்னொரு முறை படிச்சுப் பாருங்க. எழுதியது யார் என்றா கேட்டிருக்கிறீர்கள்? காத்தது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். பெத்தவ பெருமை வேற, வளர்த்தவ பெருமை வேற. பெத்தவளை நாங்க கும்பிடுறோம். ஆனா ராத்திரி கண் முழிச்சு வளர்த்தவ யாருன்னுதானே இன்னைக்குக் கேள்வி? (கைதட்டல்)

சமணத் துறவியின் வாழ்க்கையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மழைக்காலம் நாலு மாதம் ஓரிடத்தில் தங்குவார். மிச்சம் எட்டு மாதம் நடை. வண்டி கிடையாது, வாகனம் கிடையாது. திகம்பர முனிவர் என்றால் கையில் மயிற்பீலி, கமண்டலம், மிஞ்சினால் படிக்கிற நூல் ஒன்று. அவருடைய ஐந்து மகாவிரதங்களில் ஐந்தாவது அபரிகிரகம். எதையும் தனது என்று வைத்துக்கொள்ளாமை. நாம வீடு மாத்தும்போது லாரியே பத்த மாட்டேங்குது! (சிரிப்பு) அவருக்கு வீடே இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நூலை எழுதி முடிக்கிறார். மழைக்காலம் முடிகிறது. எழுந்து நடந்துவிடுகிறார். அந்த ஓலைக்கட்டை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவார்? காற்றிலா விட்டுவிட்டுப் போவார்? திண்ணையில் நின்று கைகூப்புகிற இல்லறத்தான் கையில்தானே!

இன்னொன்றும் சொல்கிறேன். ஆதியில் சமண ஆகமங்கள் எல்லாம் வாய்மொழிதான். துறவிகளின் நினைவில்தான் இருந்தன. பஞ்சம் வந்தது. மனப்பாடமாக வைத்திருந்த முனிவர்கள் மறைந்தார்கள். அவர்களோடு நூலும் மறைந்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் குஜராத்தின் வலபி நகரத்தில் தேவர்த்திகணி தலைமையில் முனிவர்கள் கூடி, மிச்சமிருந்ததை ஏட்டில் ஏற்றினார்கள். அந்த ஆகமங்கள் பிராகிருத மொழி. பிறகு, மற்றச் சமயத்தாரோடு வாதம் செய்ய வேண்டுமே, அதற்காகச் சமஸ்கிருதத்திலும் எழுதிக் குவித்தார்கள். தருக்கம், இலக்கணம், காவியம், புராணம் என்று எதையும் விடவில்லை. எழுத்து என்று வந்துவிட்டால் என்ன வேண்டும்? ஓலை வேண்டும், மை வேண்டும், எழுதுகிறவனுக்குக் கூலி வேண்டும், வைக்கப் பெட்டி வேண்டும், பெட்டிக்கு இடம் வேண்டும். இதெல்லாம் தவத்தால வருமா? கல்லாப்பெட்டியிலிருந்துதான் வரும்! (கைதட்டல்)

ஓலைச்சுவடி வளர்ப்பது பிள்ளை வளர்ப்பது மாதிரி. ஈரம் ஆகாது. பூச்சி அரிக்கும். ஊறுகாய் ஜாடியை எடுத்து எடுத்து வெச்சுப் பார்க்கிற அம்மா மாதிரி, எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கணும். இதை மறக்கக் கூடாது என்பதற்காகவே சமணர்கள் ஒரு திருநாள் வைத்தார்கள். சுவேதாம்பரர்களுக்குத் தீபாவளி முடிந்த ஐந்தாம் நாள் ஞான பஞ்சமி. திகம்பரர்களுக்குச் சுருத பஞ்சமி. சுவடிகளை வெளியே எடுத்து, துடைத்து, புதுத்துணி கட்டி, வணங்குவார்கள். நாம புஸ்தகத்துக்கு ஆயுத பூஜையில பொட்டு வைக்கிறோம். வெச்ச கையோட ரெண்டு நாள் படிக்கக் கூடாதுன்னு சந்தோஷமா விளையாடப் போயிடுறோம். (பலத்த சிரிப்பு)

திகம்பர மரபில் நான்கு தானம் சொல்வார்கள். உணவு, மருந்து, அபயம், நான்காவது சாஸ்திர தானம். நூலைப் படி எடுத்துக் கொடுப்பது, பசித்தவனுக்குச் சோறு போடுவதற்குச் சமம். 10ஆம் நூற்றாண்டில், சாளுக்கிய நாட்டில், அத்திமப்பே என்று ஓர் அம்மையார். கணவரை இழந்தவர். பொன்னர் எழுதிய சாந்தி புராணத்தை ஆயிரம் படி எடுக்கச் செய்து வழங்கினார். அது கன்னட நூல். ஆனால் வடமொழி நூலைக் காத்ததும் இதே அறம்தான். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படி! எதிரணியைக் கேட்கிறேன்: அந்த அம்மா துறவியா, இல்லறத்தாரா?

அதோடு விட்டதா? ஹேமசந்திரர் இலக்கண நூல் செய்தபோது, அதைப் படி எடுக்க எழுத்தர்களை அமர்த்தியவர் பாட்டன் நகரத்து மன்னர் ஜயசிம்ம சித்தராஜர் என்று மரபு சொல்கிறது. அவர் சமணர்கூட இல்லை, சைவர்! இதுவும் இல்லறத்தின் கணக்கில்தான் வரும்.

இப்போது என் வாதத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். சமணத்தின் தலையாய தத்துவம் அநேகாந்தம். உண்மைக்குப் பல முகம் உண்டு. நான் கண்ட முகம் மட்டுமே முழு உண்மை என்று சொல்லாதே என்பது அதன் சாரம். இதை மேடையில் சொல்வது எளிது. வீட்டில் வைத்துக் காப்பது கடினம்.

சாந்தரட்சிதர் என்ற பௌத்த அறிஞர் தத்துவசங்கிரகம் என்று ஒரு நூல் எழுதினார். அதில் சமணரின் கொள்கையையும் மறுத்து எழுதியிருக்கிறார். பௌத்தம் இந்த மண்ணில் மங்கியபோது அந்த நூலின் வடமொழி மூலம் எங்கே பிழைத்திருந்தது? ஜெய்சால்மரிலும் பாட்டனிலும், சமணரின் சுவடிச் சாலைகளில்! 1926இல் பரோடாவில் அச்சேறியது. அதே 1926இல் பாட்டனில் இன்னொரு ஓலைச்சுவடி கண்டெடுக்கப்பட்டது. ஜயராசி பட்டர் எழுதிய தத்துவோபப்லவசிம்மம். எந்தச் சமயத்தின் அளவையும் நிற்காது என்று எல்லோரையும் போட்டு உடைக்கிற நூல். சமணரையும் விடவில்லை. 1940இல் அச்சானது. அந்த நூல் இன்று உலகத்துக்குக் கிடைத்திருக்கிறது என்றால், தன்னை மறுத்தவனின் ஏட்டையும் துணி சுற்றிக் காப்பாற்றிய சமணக் குடும்பங்கள்தான் காரணம். நம்மைத் திட்டி ஒருத்தன் எழுதின மொட்டைக் கடுதாசியை நாம ஒரு நாள் வெச்சிருப்போமா? அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தார்கள், ஐயா! (நீண்ட கைதட்டல்)

எதிரணியினர் உடனே சொல்வார்கள்: "முனி புண்ணியவிஜயர் துறவிதானே? 1950இல் ஜெய்சால்மர் போய், ஓராண்டுக்கு மேல் தங்கி, சுவடிகளை ஒழுங்குபடுத்தியவர் அவர்தானே?" ஆமாம். அந்த மகானை வணங்குகிறேன். ஆனால் அவர் போய்ச் சேரும் வரை ஜெய்சால்மர் கோட்டையின் நிலவறையில் அந்தச் சுவடிகள் இருந்தனவே, சாவி யாரிடம் இருந்தது? ஊர்ச் சங்கத்து இல்லறத்தாரிடம்!

"அப்படிப் பூட்டி வைத்தது குற்றமில்லையா?" என்று நடுவர் புன்னகைக்கிறார். புரிகிறது ஐயா. அதற்கும் விடை சமணத்திலேயே இருக்கிறது. உயிரின் இயல்பே அறிவு. அதை மறைக்கும் திரை ஞானாவரணீய கர்மம். அந்தத் திரை எதனால் விழுகிறது என்று தத்துவார்த்த சூத்திரம் பட்டியல் போடுகிறது. அறிந்ததை மறைப்பது, பொறாமையால் கொடுக்க மறுப்பது, கற்பவனுக்குத் தடை செய்வது எல்லாம் அதில் உண்டு. நூலைப் பூட்டுகிறவன் தன் அறிவையே பூட்டுகிறான்!

அதைப் புரிந்துகொண்டு பூட்டைத் திறந்ததும் இல்லறம்தான். தென்கன்னட மூடபித்ரியில், வீரசேனர் பிராகிருதமும் சமஸ்கிருதமும் கலந்து எழுதிய தவளா உரை, நெடுங்காலம் தரிசனத்துக்கு மட்டுமே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படி எடுக்கத் தொடங்கினார்கள். 1939இல் முதல் தொகுதி வெளிவந்தது. மொத்தம் 16 தொகுதிகள். பதிப்பித்த ஹீராலால் ஜைன் கல்லூரிப் பேராசிரியர், குடும்பஸ்தர்!

நிறைவாக ஒன்று. இன்றைக்கு ஓலையைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். 2003இல் நடுவண் அரசும் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கியது. நல்லது. ஆனால் படம் பிடித்தால் போதுமா? படிக்க ஆள் வேண்டாமா? நம் தமிழ்ச் சமணர்களின் ஸ்ரீபுராணம் தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளம். மேல்சித்தாமூரிலும் வந்தவாசிப் பக்கத்துச் சமண ஊர்களிலும் பெரியவர்கள் போற்றி வளர்த்த மரபு அது. அந்த வடசொற்களை எழுதிய கிரந்த எழுத்து இன்று எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்? பெட்டி பத்திரமாக இருக்கிறது. திறந்தால் வாசிக்கத் தெரியவில்லை என்றால், அது பூட்டிய பெட்டிதானே!

அந்தப் பூட்டைத் துறவி வந்து திறக்க முடியாது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை, "நீ இதைப் படி கண்ணு" என்று ஒரு தாயும் தகப்பனும் உட்கார வைக்க வேண்டும். அன்று ஓலைக்குக் கூலி கொடுத்த இல்லறம், இன்று ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை இல்லறத்தில்தான் பிறக்கும், ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே, எழுதிவிட்டு நடந்தவர் துறவி. ஏந்திக்கொண்டு நின்றவர் இல்லறத்தார். நின்றவர் பக்கம் நின்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.