ஏழு நாள் எலிக்குட்டியும் இல்லறத்தார் அறமும்



பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் குருதியில் பிராணவாயு குறைகிறது. சிறிது நேரத்திலேயே மூளை நலிவுறுகிறது. இத்தகைய குழந்தையைப் பிறந்த 6 மணி நேரத்திற்குள் குளிர்விக்கத் தொடங்கி, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் வைத்திருப்பது மேலைநாடுகளில் நிலைபெற்ற மருத்துவம். அம்மருத்துவம் வந்த வழியைக் கொல்லாமை விரதமுடையோர் அறிந்திருத்தல் வேண்டும்.

1981இல் அமெரிக்காவில் ரைஸ், வன்னூச்சி முதலானோர் ஓர் ஆய்வு முறையை வகுத்தனர். பிறந்து ஏழு நாளான எலிக்குட்டியை மயக்கி, கழுத்துத் தமனிகளுள் ஒன்றைக் கட்டிவிடுவர். (எலியின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரை உரியதாக்குவது தொல்காப்பிய மரபியல்.) பின்னர் 8 விழுக்காடு பிராணவாயுவே உள்ள கலத்தில் சில மணி நேரம் வைப்பர், இயல்பான காற்றில் இருப்பதோ 21 விழுக்காடு. கட்டிய பக்கத்து மூளை சிதையும். மறுபக்கம் பெரும்பாலும் தப்பும். ஓர் உயிரின் மூளையிலேயே சிதைவும் அதற்கு ஒப்பளவும் அமைவதால் ஆய்வாளர் இம்முறையை விரும்பினர். முடிவில் அக்குட்டி கொல்லப்படும்.

1990களில் நியூசிலாந்தில் செம்மறியின் கருக்குட்டிகளிடத்தும், இங்கிலாந்தில் பன்றிக்குட்டிகளிடத்தும் குளிர்ச்சியின் பயன் காணப்பட்டது. குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2005இல் வெளிவந்தன.

இல்லறத்தார்க்குத் தொழில் பற்றி நேரும் ஹிம்சை ஓரளவு பொறுக்கப்படுவது. சங்கல்ப ஹிம்சையோ முற்றும் விலக்கப்பட்டது. எலிக்குட்டியின் தமனியைக் கட்டும் கை எதனைச் சாரும்? நோக்கம் குழந்தையைக் காப்பதே. ஆயினும் அத்துன்பம் தற்செயலாய் நேர்வதன்று, அறிந்தே இழைக்கப்படுவது. அதனைச் சங்கல்பம் என ஒப்புவதே நேர்மை. அதற்காக அம்மருத்துவத்தைத் தன் மகவுக்கு வேண்டும் தாயைப் பழித்தல் தகாது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், இயன்றவரை பெரிய விலங்குகளைத் தவிர்த்து எலி, முயல், தவளை போன்றவற்றைக் கொள்ளச் சொல்கிறது. ஆட்டையும் எலியையும் ஐம்பொறி உயிர்களாக ஒரு நிரையில் வைக்கும் அருக நெறிக்கு இது உடன்பாடன்று. ஆயின் அதே சட்டம், நூலும் மாதிரியுருவும் படமும் போதுமான இடத்துக் கற்பித்தலுக்காக உயிர்களை வருத்த வேண்டா என்றும் கூறுகிறது.

விலங்கிடம் கண்டது எங்கும் அவ்வாறே பலிப்பதுமில்லை. இந்தியா, இலங்கை, வங்காளதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. குளிர்விக்கப்பட்டோருள் இறப்பு குறையவில்லை, மிகுந்தது.

பேற்றறையில் மூச்சற்றுப் பிறக்கும் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் வேண்டுவது முகமூடி பொருத்திய காற்றுப்பையும், அதனை அழுத்தப் பயின்ற செவிலியும். அப்பயிற்சி குழந்தை வடிவப் பாவைகளைக் கொண்டே நடைபெறுகிறது. விழா நிதியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம்.