குழந்தைக் காய்ச்சல்: இளம் டாக்டருக்குத் துணையாக ஒரு கணினி

குழந்தைக்குக் காய்ச்சல்னா இப்போ நம்மில் பலர் தெர்மாமீட்டருக்கு முன்னாடி எடுப்பது செல்போனைத்தான். சரிதானே? அதனால, குழந்தை மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு யாருக்கு, எந்த அளவுக்கு உதவும்னு பேசலாம்.

சீனாவின் குவாங்சௌ நகரத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரி முதல் 2017 ஜூலை வரை அங்கே வந்த 5,67,498 குழந்தைகளின் புறநோயாளிப் பதிவுகளை, 13 லட்சத்துக்கும் மேலானவற்றை, ஒரு கணினிக்குக் கற்பித்தார்கள். முடிவு 2019-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது.

அது படித்தது டாக்டர்கள் எழுதிய குறிப்புகளை: எத்தனை நாள் காய்ச்சல், இருமல் எப்படி, பரிசோதனையில் என்ன தெரிந்தது. முதலில் நோய் மூச்சு சம்பந்தப்பட்டதா, வயிறா, மூளை நரம்பா என்று பிரிக்கும். மூச்சு என்றால் மேல் பாதையா, நுரையீரல் பக்கமா என்று இறங்கும். அனுபவமுள்ள டாக்டர் யோசிக்கிற வழியும் ஏறக்குறைய இதுதான்.

பிறகு 20 டாக்டர்களை அனுபவப்படி ஐந்து குழுவாக்கி ஒப்பிட்டார்கள். இளநிலைக் குழுக்கள் இரண்டையும் கணினி முந்தியது. மூத்தவர்களின் மூன்று குழுக்களிடமும் தோற்றது! அப்போ அதன் இடம் எது? பயிற்சி டாக்டரின் பக்கத்தில். மூத்தவரின் நாற்காலியில் இல்லை.

காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சாதாரண வைரஸ்தான். ஆனால் மூளைக்காய்ச்சலும் முதல் நாளில் காய்ச்சல், வாந்தி, சோர்வு என்றுதான் ஆரம்பிக்கும். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பு தெரியாமலே போகலாம். இரவுப் பணியில் களைத்துப்போன இளம் டாக்டரிடம் "இதையும் யோசிச்சீங்களா?" என்று திரை கேட்டால், அந்த ஒரு கேள்வி ஓர் உயிர். ஆனால் என் கருத்து, அவர் முதலில் குழந்தையைப் பார்த்துத் தன் முடிவை எழுதிவிட்டுத்தான் திரையைப் பார்க்கணும். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் கணக்கு வராதுங்க. இன்னொன்று, ஓர் ஊர்க் குழந்தைகளை வைத்துக் கற்றது நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது. இங்கத்திய பதிவுகளை வைத்துச் சோதித்த பிறகே பயன்படுத்தணும்.

டாக்டரோ கணினியோ, இரண்டுக்கும் மூலப்பொருள் நீங்கள் சொல்கிற விவரம். "ரெண்டு மூணு நாளா சுடுது" என்பதைவிட "திங்கள் இரவிலிருந்து, 102 டிகிரி" என்பது எவ்வளவோ மேல். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கும் மேல் போனால் அது வேக மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் காட்டணும்.

மூச்சு இழுக்கும்போது விலா அடிப்பகுதி உள்வாங்குது, பால் குடிக்கல, வலிப்பு, எழுப்பினாலும் எழல — இதில் எது இருந்தாலும் செல்போனில் டைப் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்காதீங்க. அதே செல்போனில் 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் அந்த மூச்சை அரை நிமிடம் வீடியோ எடுத்துவைத்தால், பணியில் இருக்கும் டாக்டரிடம் காட்டலாம்.