சாயாத வண்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் என்னை அழைத்தார். பம்ப் கம்பெனி டிசைன் பிரிவில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியும் கொண்டு வந்தேன். காலையில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, ஊன்றுகோலோடு ஒரு மாணவர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அண்ணா, இது பழசா வாங்கினதா? பழசு வாங்கலாமா?" என்று கேட்டார். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நாலு பக்கம் பையிலேயே இருக்கட்டும். அந்தத் தம்பிக்குப் பதில் சொல்கிறேன்.

ஒன்றரை வயதில் எனக்குப் போலியோ. இங்கே படித்த நான்கு வருடமும் ஹாஸ்டலிலிருந்து மெக்கானிக்கல் பிளாக்குக்கு யாராவது ஒருத்தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வருவான். அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. ஆனால் ஒருத்தன் கூட்டிக்கொண்டு போனால், அவன் கிளம்பும்போதுதான் நாமும் கிளம்ப வேண்டும். சினிமா பாதியில் போர் அடித்தால்கூட உட்கார்ந்துதான் இருக்கணும். 2009-ல் படிப்பு முடித்துக் கோவையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் எட்டு வருடம் இதே கதைதான்.

2017-ல் துணிந்தேன். புது வண்டி வாங்கிச் சக்கரம் பொருத்த அப்போது கையில் பணமில்லை. திருப்பூரில் ஒரு தையல் கடைக்காரர் ஓட்டிய, சைடு வீல் வைத்த 2012 மாடல் ஆக்டிவா விலைக்கு வருவதாகச் சொன்னார்கள். அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "தம்பி, அவரு தொடைக்காம ஒரு நா வண்டிய எடுத்ததில்லீங்க" என்றார் அவர் மனைவி. உண்மைதான், கண்ணாடி மாதிரி இருந்தது. பெயின்டைப் பார்த்து வண்டி வாங்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற எஞ்சினீயர், பெயின்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். முப்பதாயிரம் ரூபாய்.

குனிந்து அடியில் பார்த்திருக்க வேண்டும். சைடு வீல் சட்டம் சேஸிஸோடு சேரும் இடத்தில்தான் எல்லாப் பாரமும் இறங்குகிறது. அங்கே பெயின்டில் மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தால் உள்ளே வெல்டிங் விட்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, மூன்று பின் டயர்களையும் தடவிப் பாருங்கள். பக்கச் சக்கரம் ஒரு ஓரமாகவே தேய்ந்திருந்தால் சட்டம் கோணல். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேப்பர் விஷயத்தில் அந்தத் தையல்காரர் என்னைக் காப்பாற்றினார். சக்கரம் பொருத்தியது வண்டியின் அமைப்பில் செய்த மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் சாதா ஸ்கூட்டர் என்றே ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. விலை மலிவு என்று அதில் கை வைக்காதீர்கள். இவர் ஒழுங்காக ஏற்றியிருந்தார். உரிமையாளர் இறந்துவிட்டதால் முதலில் படிவம் 31 கொடுத்து அவர் மனைவி பெயருக்கு மாற்றி, அப்புறம் 29, 30 போட்டு என் பெயருக்கு மாற்றினோம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். லைசென்ஸும் இந்த வகை வண்டிக்கென்றே எடுக்கணும்.

வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு நண்பனைக் கூட்டிப் போயிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறான். பத்து வருடம் புல்லட் ஓட்டியவன். ஏறி உட்கார்ந்தான், ஸ்டார்ட் செய்தான், வளைவில் அழகாக உடம்பைச் சாய்த்தான். வண்டி நேராகப் போய்ச் சுவரில் முட்டியது.

ஏன்? பைக்கை நாம் சாய்த்துத் திருப்புகிறோம். இடது பக்கம் போக, நமக்கே தெரியாமல் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம்; வண்டி இடது பக்கம் சாய்கிறது, திரும்புகிறது. இந்த வண்டி சாயாது. இதில் இடது கைப்பிடியைத் தள்ளினால் சக்கரம் வலது பக்கம்தான் போகும். பைக் பழக்கம் உள்ளவனுக்கு அதை மறக்க ஒரு வாரமாவது வேண்டும். எனக்கு மறக்க எதுவும் இல்லை, ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

மூன்றாவது மாதம், ஆபீஸ் முடிந்து வரும்போது ஓர் இடது திருப்பம். வேகம் 25 இருக்கும். குறுக்கே நாய் வந்தது, திருப்பத்திலேயே பிரேக் பிடித்தேன். இடது சக்கரம் தரையை விட்டு எழுந்ததை உணர்ந்தேன். அடுத்த நொடி வலது தோள் தார் ரோட்டில். பத்து நாள் லீவு. அம்மா சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டார்கள். "வித்துப் போட்டுடு சாமி, பழையபடி யார் கூடயாச்சும் போய்க்கோ" என்றார்கள்.

அந்தப் பத்து நாளில்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டைனமிக்ஸ் வகுப்பில் செய்திருக்க வேண்டிய வேலை. பக்கச் சக்கரங்களுக்கு இடையே 90 செ.மீ. என்னையும் சேர்த்து ஈர்ப்பு மையத்தின் உயரம் சுமார் 70. நான்கு மூலையிலும் சக்கரம் இருந்தால் பாதி அகலம், 45 செ.மீ., முழுதும் நமக்குத் துணை. ஆனால் முன்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம். அதனால் கவிழும் கோடு முன் சக்கரத்திலிருந்து பின் பக்கச் சக்கரத்துக்குக் குறுக்காகப் போகிறது. முன்சக்கரத்திலிருந்து அறுபது சதவீதத் தூரத்தில் என் எடை இருந்தால் கிடைப்பது 27 செ.மீ.தான். பத்து மீட்டர் ஆரமுள்ள திருப்பத்துக்கு வேகம் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 22 கி.மீ. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் போகும், அந்த 22-உம் குறையும். நான் போனது 25.

பார்க்கிறவர்கள் "மூணு சக்கரம், பத்திரமான வண்டி" என்பார்கள். நின்றிருக்கும்போது பத்திரம்தான்! இன்று வரை என் விதி: திருப்பத்துக்கு முன்பே பிரேக், உள்ளே நுழையும்போது 15, உடம்பு திருப்பத்தின் உள்பக்கம். பின்னால் உட்காருபவருக்கும் அதையே சொல்லித்தான் ஏற்றுவேன். இதைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் டப்பாவிலிருந்து சாவி வெளியே வந்தது. அம்மாவுக்குக் கணக்கு புரியவில்லை. நான் பயந்திருக்கிறேன் என்பது புரிந்தது.

இன்னொரு தொல்லை மழைக்காலத்தில் வந்தது. அடுக்குமாடியின் சரிவில் ஏறும்போது நடுச் சக்கரம் வழுக்கிச் சும்மா சுற்றியது. உக்கடத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "சார், பக்கத்துச் சக்கரம் ரெண்டும் உங்களச் சொமக்குது, நடுவுல இருக்கறது தொங்கிட்டு வருது" என்றார். மளிகைக் கடைத் தராசைக் கடன் வாங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் வைத்துப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. எஞ்சின் இழுப்பது நடுச் சக்கரத்தை. பின் பிரேக்கும் அதில் மட்டும்தான். அதில் பாரம் இல்லையென்றால் இழுவையும் இல்லை, நிறுத்தமும் இல்லை. பக்கச் சக்கரங்களை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினார். ரொம்ப உயர்த்தினால் வண்டி இரண்டு பக்கமும் தள்ளாடும். அந்த ஒரு சென்டிமீட்டருக்கு நாலு முறை கழற்றி மாட்டினார். கூலி முந்நூறு ரூபாய்தான் வாங்கினார்.

மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. போல்ட் முடுக்குவது, நான்கு சக்கரத்துக்கும் காற்று, பக்கச் சக்கரத்தின் பேரிங்கில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது. சுமை அதிகம் என்பதால் டிரைவ் பெல்ட்டைச் சாதா ஸ்கூட்டருக்கு மாற்றுவதைவிடச் சீக்கிரமே மாற்றிவிடுகிறேன். பேட்டரியில் கஞ்சத்தனம் கூடாது, நமக்குக் கிக்கர் உதைக்கக் கால் இல்லை. ரிவர்ஸ் கிடையாது என்பதால் எங்கே போனாலும் வெளியே பார்த்தே நிறுத்துவேன். பள்ளம் மட்டும் தப்ப முடியாது. மற்றவர்களுக்கு ரோட்டில் ஒரு தடம், நமக்கு மூன்று.

தம்பி, பழசு வாங்கலாம். என்னைக் கூப்பிடு, அடியில் குனிந்து பார்க்க ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

முதல்வர் அவர்களிடம் ஒரு வார்த்தை. மெக்கானிக்கல் பிளாக் வாசலில் நான்கு படி, 60 செ.மீ. உயரம், காலையில் அளந்தேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்றால் 7.2 மீட்டர் நீளம் போதும். பூந்தொட்டிகளை நகர்த்தினால் இடம் இருக்கிறது. சிமெண்ட் செலவு எங்கள் 2009 பேட்ச் உடையது. மூன்றாவது வரிசைக்காரன் தலையாட்டுகிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் வரலாம். பின்னால் உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறேன். ஓட்டக் கேட்காதீர்கள், இங்கேயும் சுவர் இருக்கிறது.