பதினெட்டாவது பிறந்த நாள்
(விருதுநகரில் செய்த பிரசங்கம்)



தாய் தகப்பனற்ற பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லங்களில் வைத்து வளர்க்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் 18 வயது முடிந்ததும் அந்த வாசல் அடைபடுகிறது. கைகால் சரியாயுள்ள பிள்ளையே அன்று திகைத்து நிற்கும். கண் தெரியாத பிள்ளையும், காது கேளாத பிள்ளையும், புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளையும் எங்கே போகும்?

கேட்டால் பூர்வ ஜென்ம கர்மம் என்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பது பேருக்கு மேல் மாண்டார்களே, அது யார் கர்மம்? மருந்து உராய்ந்தால் தீப்பிடிக்கும். அளவுக்கு மேல் குவித்தால் ஆளைக் கொல்லும். பிள்ளை அநாதையாவதற்குக் காரணம் இருப்பது போலவே ஊனத்திற்கும் நோய், பிரசவக் கோளாறு, விபத்து என்று காரணமுண்டு. காரணம் தெரிந்த பிறகு தலையெழுத்துக்கு அங்கு என்ன வேலை?

சட்டம் இல்லாமலில்லை. 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு, 18 வயதாகி வெளியேறும் பிள்ளைக்குப் பண உதவி செய்யலாம் என்கிறது. 2016-ம் வருஷத்து விதிகள் 21 வயது வரையிலும், விசேஷ நிலைமையில் மேலும் 2 வருஷமும் பிற்காப்புக்கு இடமளிக்கின்றன. "செய்யலாம்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டமோ, சர்க்கார் உத்தியோகத்தில் 100-க்கு 4 இடத்திற்குக் குறையாமல் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. "லாம்" என்பது கேட்பவனுக்குத்தான் கிடைக்கும். கேட்கப் பெற்றோரில்லாத பிள்ளைக்கு யார் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, 15 வயதிலேயே வேலையைத் துவக்க வேண்டும். ஊனச் சான்றும், தன் பெயரில் பாங்குக் கணக்கும், ஒரு தொழிலும் கைக்கு வந்தாக வேண்டும். புத்தி வளர்ச்சி குன்றியவர்களுக்கு 18 வயதுக்கு மேல் பாதுகாவலரை நியமிக்க, 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் கமிட்டி உண்டு; பதிவு பெற்ற சங்கமே விண்ணப்பிக்கலாம். சிவகாசி அச்சுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். காது கேளாத பிள்ளைக்கு அச்சக வேலை ஏன் ஆகாது? நடக்க முடியாத பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை ஏன் ஆகாது? "பாவம்" என்று சொல்லி, அரைக் கூலிக்குக் காகிதக் குழாய் சுருட்ட உட்கார்த்தி வைப்பது இரக்கமாகாது.

தம் பிறந்த நாளன்று இல்லத்தில் ஒரு வேளைச் சோறு போடும் கனவான்களை ஒன்று கேட்கிறோம். அப்பிள்ளையின் 18-வது பிறந்த நாளன்று நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அன்று சோறு வேண்டாம். நியாயமான சம்பளத்தில் ஒரு வேலையும் குடியிருக்க ஓர் அறையும் கொடுங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.