குழுக் கடன் வருமானம் ஆகாது

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நானும் உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர்தான். இப்போ வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டம் சார் தன்னார்வலரா இருக்கேன். வக்கீல் இல்லை. மனு எழுத உதவுறது, கோர்ட்டுக்குக் கூடப் போறது, யாரைப் போய்ப் பார்க்கணும்னு சொல்றது, இதுதான் என் வேலை. தலைவி அக்கா "ஜீவனாம்சம் பத்திப் பேசுங்க, ஆனா சட்டப் புத்தகம் முழுசையும் வாசிச்சிடாதீங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அதனால குழுப் பெண்களுக்குன்னே வர்ற சிக்கலைத்தான் அதிகமாப் பேசப் போறேன்.

ஒரு தங்கச்சி என்கிட்ட வந்தா. புருஷன் லாரி ஓட்டுறார். ரெண்டு பிள்ளைங்களோட இவ அம்மா வீட்டுல இருக்கா. அவர்கிட்ட இருந்து மூணு வருஷமா ஒரு ரூபாய் வரலை. "ஏம்மா இவ்வளவு நாளா மனு போடலை?"ன்னு கேட்டேன். "குழுவில கடன் வாங்கி ரெண்டு மாடு வச்சிருக்கேன் அக்கா. சம்பாதிக்கிற பொம்பளைக்கு ஜீவனாம்சம் கிடையாதுன்னு ஊர்ல சொல்றாங்க"ன்னா. ஊர்ல சொல்றவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. போனது இவளோட 36 மாசம்.

சட்டம் என்ன சொல்லுது? முன்னாடி 125-ஆம் பிரிவுன்னு சொல்லிட்டு இருந்தோமே, அது 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில 144-ஆம் பிரிவு. நம்பர் மாறுச்சு, விஷயம் பெரும்பாலும் அதேதான். தன்னைத்தானே காப்பாத்திக்க முடியாத மனைவிக்கு, வசதியுள்ள கணவன் பணம் கொடுக்கணும். இந்த "முடியாத"ங்கிற சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பலரும் பயமுறுத்துறாங்க. மனைவி பிச்சை எடுக்கிற நிலையில இருக்கணும்னு இதுக்கு அர்த்தம் இல்லை, ஏதோ கொஞ்சம் சம்பாதிக்கிறாங்கிறதாலேயே உரிமை போயிடாதுன்னு 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. புருஷன் வீட்டுல எப்படி வாழ்ந்தாளோ, அந்த மாதிரி வாழ அவ வருமானம் போதுமான்னுதான் பார்க்கணும். வருமானம் இருந்தா கிடைக்கிற தொகை குறையலாம், மனுவே போடக் கூடாதுன்னு ஆகாது. அவர் "எனக்கு வேலை இல்லை"ன்னு கை விரிச்சாலும், உடம்புல தெம்பு இருக்கிறவர் கூலி வேலை செஞ்சாவது கொடுக்கணும்னு 2022-ல ஒரு தீர்ப்பு இருக்கு.

இப்போ நம்ம பாஸ்புக் விஷயத்துக்கு வர்றேன். அந்தத் தங்கச்சி வழக்குல எதிர்த்தரப்பு அவ பேங்க் பாஸ்புக்கைக் காட்டி, "இதோ 50,000 ரூபாய் வரவு இருக்கு, இந்தம்மா நல்லா சம்பாதிக்குது"ன்னு சொன்னாங்க. அது குழு மூலமா வந்த வங்கிக் கடன். மாசா மாசம் தவணை கட்டிட்டு இருக்கா. நாங்க என்ன பண்ணோம்? குழுவோட தீர்மானப் புத்தகம், கடன் பேரேடு ரெண்டுலயும் அவ பேர் வர்ற பக்கங்களை நகல் எடுத்தோம். ஊக்குநர் கையெழுத்து, சீல் வச்சுக் கொடுத்தாங்க. மாட்டுத் தீவனச் செலவையும் பால் சொசைட்டி அட்டையையும் சேர்த்து வச்சோம். வழக்கு இன்னும் நடக்குது. பிள்ளைகளுக்கும் சேர்த்து இடைக்கால உத்தரவு மட்டும் வந்திருக்கு.

ஊக்குநர்களுக்கு இதுல ஒரு வேண்டுகோள். பேரேட்டைச் சரியா எழுதுங்க. "அப்புறம் எழுதிக்கலாம்"னு விட்ட ஒரு வரி, கோர்ட்டுல ஒரு பொண்ணோட சோத்துல கை வைக்கும்.

2020 நவம்பர்ல, ரஜ்னேஷ் எதிர் நேஹாங்கிற வழக்குல, உச்ச நீதிமன்றம் ரெண்டு முக்கியமான விஷயம் சொல்லுச்சு. ஒண்ணு, ரெண்டு பேருமே தங்களோட சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா எழுதிக் கொடுக்கணும். குழுக் கடனை அங்கே கடன் பகுதியில எழுதணும். பால் காசையும் மறைக்காம எழுதுங்க. மறைச்சது பின்னாடி வெளிவந்தா நம்ம பேச்சை யாரும் நம்ப மாட்டாங்க. அவர் பேர்ல நிலம் இருக்குன்னா சர்வே எண்ணை விசாரிச்சு, இ-சேவை மையத்துல சிட்டா நகல் எடுத்து வைங்க. ரெண்டாவது, மனு போட்ட தேதியில இருந்து பணம் கணக்காகும். மனு போடாத மாசங்களுக்கு இந்தப் பிரிவுல கணக்கு கிடையாது. அதான் அந்த 36 மாசத்தை நினைச்சு எனக்கு வயிறு எரியுது.

உத்தரவு வந்தும் கட்டலைன்னா, பாக்கி சேர்ந்த ஒரு வருஷத்துக்குள்ள அதை வசூலிக்க மனு போடணும். இதையும் தள்ளிப் போடாதீங்க. ஒரு மாசப் பாக்கிக்கு ஒரு மாசம் வரை சிறைன்னு சட்டத்துல இருக்கு. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா பாக்கி கழிஞ்சுதுன்னு சிலர் நினைக்கிறாங்க, கழியாது.

இன்னொண்ணு, ஸ்டாம்ப் பேப்பர். ஊர்ப் பெரியவங்க உட்கார்ந்து "தீர்த்து விட்டாச்சு"ன்னு எழுதிக் கையெழுத்து வாங்குறது. சாதி வழக்கம்னு ஒண்ணை நிரூபிச்சாத் தவிர, இந்துத் திருமணச் சட்டப்படி அது விவாகரத்து ஆகாது. ஆனா அதுல "ரெண்டு பேரும் மனம் ஒப்பிப் பிரிஞ்சு வாழ்கிறோம்"னு ஒரு வரி இருக்கும். மனம் ஒப்பித் தனியா வாழுற மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லைன்னு 144-லேயே இருக்கு, அந்த வரியை அதுக்குத்தான் தேடி எடுப்பாங்க. படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. கோர்ட்டு மூலமா விவாகரத்து ஆனவங்க, மறுமணம் செய்யாத வரைக்கும் கேட்கலாம். அவர் வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டாலோ சேர்த்துக்கிட்டாலோ, "நான் கூப்பிட்டேன், இவ வரலை"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

முஸ்லிம் சகோதரிகளும் இங்கே இருக்கீங்க. ஷா பானு அம்மாவுக்குக் கீழ்க் கோர்ட்டு கொடுத்தது மாசம் 25 ரூபாய், உயர் நீதிமன்றம் கொடுத்தது 179 ரூபாய் 20 பைசா. அதை எதிர்த்து அவங்க கணவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார், அவரே ஒரு வக்கீல். 1985-ல அந்தம்மாதான் ஜெயிச்சாங்க. இடையில வேற சட்டம் வந்து குழப்பம் ஆச்சு. தலாக் ஆன பெண்ணும் 125-ல கேட்கலாம்னு 2024 ஜூலை 10-ல உச்ச நீதிமன்றம் மறுபடியும் தெளிவாச் சொல்லிடுச்சு.

மனுவை நீங்க இப்போ இருக்கிற ஊர்க் கோர்ட்டுலயே போடலாம், அவர் ஊருக்குப் போக வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம அரசு செலவுல வக்கீல் வச்சுக் கொடுப்பாங்க. 15100-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளோட பிறப்புச் சான்று, குழுப் பாஸ்புக், இதெல்லாம் ஒரு பையில போட்டு வைங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டமைப்பு அலுவலகத் திண்ணையில நாலு மணி வரைக்கும் இருப்பேன். கூட்டத்துல கேட்கக் கூச்சமா இருக்கிறவங்க அங்கே வாங்க.