கதிர்வீச்சுக்குப் போகும் வழி
(பங்காருபாளையத்தில் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. மறுமாதம் 5ஆம் தேதி, திருப்பதியில் தேவஸ்தானம் அளித்த நிலத்தில் டாடா அறக்கட்டளை கட்டிய புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. வேலூருக்கும் சென்னைக்கும் அலைந்த மக்களுக்கு இது பெரிய வரவு. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், திருப்பதி 70. பங்காருபாளையமோ சித்தூருக்கும் மேற்கே, பலமநேர் சாலையில் இருக்கிறது.

கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. வாரத்திற்கு ஐந்து நாள் வீதம், பல புற்றுநோய்களுக்கு ஐந்து முதல் ஏழு வாரம் வரை நீள்கிறது. கதிர் பாய்வது சில நிமிடங்களே. அதற்காக இங்கே பேருந்து ஏறி, சித்தூர் வழியாகத் திருப்பதி போய்த் திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. துணைக்கு வருபவரின் கூலியும் போயிற்று. மாங்காய்ப் பருவத்தை நம்பி இங்குள்ள சந்தை வளாகத்தில் மூட்டை தூக்கும் குடும்பம் ஜூனில் இதை எப்படித் தாங்கும்? இடையில் நின்றுவிட்டால் சிகிச்சையின் பலன் குறைகிறது. ஆரோக்கியஸ்ரீ, இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை, மருத்துவச் செலவை ஏற்கிறது. இழந்த கூலிக்கு எந்த அட்டையும் இல்லை.

இயந்திரத்தை ஊர் ஊராக வைக்க முடியாது என்பது உண்மையே. லீனியர் ஆக்சிலரேட்டருக்குத் தடித்த கான்கிரீட் சுவர்கள் கொண்ட அறை வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். ஒருமுறை இடம் குறித்துவிட்டால் பல்லாண்டுகளுக்கு அதுவே இடம். ஆகவே மையத்தை எங்கே அமைப்பது, எங்கே மாற்றுவது என்ற முடிவு பொறியாளர்களும் அறங்காவலர்களும் மட்டும் எடுப்பதாக இருக்கக் கூடாது. டில்லி எய்ம்ஸ் தன் புற்றுநோய்ச் சிகிச்சையை விரிவாக்க ஹரியானாவின் ஜஜ்ஜரில் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தை அமைத்தது. 2019இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. டில்லி வளாகத்திலிருந்து நோயாளிகளை அங்கே கொண்டுசெல்லப் பேருந்துகள் விடப்பட்டன. அந்தப் பேருந்தும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கீமோதெரபியின் நிலை வேறு. திட்டம் வகுப்பது சிறப்பு மையம். பல மருந்துகளை மாவட்ட மருத்துவமனையிலேயே ஏற்றலாம். கேரளத்தில் அரசு மாவட்ட மருத்துவமனைகள் இதைச் செய்கின்றன. ஒன்றிய அரசும் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள், முதலாண்டில் 200, என்று அறிவித்தது. சித்தூர் மாவட்ட அரசு மருத்துவமனை ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக்கு ஒப்படைக்கப்பட்டதைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வளாகத்தில் அமையும் புற்றுநோய்ப் படுக்கை யாருடைய பொறுப்பில் இருக்கும்? மருந்து இருப்புக்கு யார் பதில் சொல்வார்?

கிளைகள் செய்ய வேண்டிய வேலை இதுதான். ஒவ்வோர் ஊரிலும் சிகிச்சையில் இருப்போர் எத்தனை பேர், எங்கே போகிறார்கள், நடுவில் நிறுத்தியவர் எத்தனை பேர், எதனால் என்று அவர்கள் இசைவோடு கேட்டு எழுத வேண்டும். பெயர் வெளியே போகக் கூடாது. நோயை மறைத்து வாழும் பெண்கள் பலர். அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியரைச் சந்தித்து, நோயாளிக்கும் துணைக்கும் கட்டணமில்லாப் பேருந்து, திருப்பதியில் வாரக்கணக்கில் தங்க இடம், சிகிச்சை நாள்களுக்குக் கூலி ஈடு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். அடுத்த மாங்காய்ப் பருவத்திற்கு முன் மனு போய்ச் சேர வேண்டும்.